வீட்டில் இருந்து கோட் எழுதுகிற எங்களுக்குச் சிநேகிதர் எங்கே? (மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் வரவும்)

வாவிக்கரை எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். நான் கல்லடிப் பக்கம். கொழும்பில் ஒரு அலுவலகத்தில் இருந்தேன், கொரோனா நேரம் ஊருக்கு வந்தேன், மறுகா திரும்பிப் போகவில்லை. இப்போது லண்டன் கம்பனி ஒன்றுக்கு பேக்எண்ட் (சேர்வர் பக்க) வேலை. அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் எனக்குப் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. ஊர் ஆக்கள் வேலை முடிந்து கடற்கரைக்கு வெளிக்கிடுகிற நேரம் எனக்கு மீட்டிங். நான் லப்டொப்பை மூடும்போது தெருவில் நாய் மட்டும்தான் நிற்கும்.

சம்பளத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுச் சாப்பாடு, அம்மா பக்கத்தில். ஆனால் வேலையைப் பற்றி வாய் திறந்து கதைக்க ஒருவரும் இல்லை. போன கிழமை எங்கள் கட்டணப் பகுதியில் ஒரு பிழை. எப்போதாவது மட்டும் ஒரே கட்டணம் இரண்டு தரம் பதிவாகும். தோண்டிப் பார்த்தால், நெட்வேர்க் தாமதமானதும் போனில் உள்ள அப் அதே கோரிக்கையைத் திருப்பி அனுப்புகிறது, எங்கள் சேர்வர் இரண்டையும் புதிது என்று நினைத்து எடுத்துக்கொள்கிறது. கோரிக்கைக்கு ஒரு தனி அடையாள எண் போட்டிருந்தால் வந்திருக்காத வில்லங்கம். கண்டுபிடித்த நேரம் நள்ளிரவு. துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. கம்பனி ஆக்கள் கதைக்கிற ஸ்லாக் அப்பில் எழுதினேன், மூன்று பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "சரி மகன், சாப்பிட்டுப் படு" என்றா.

என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் கனடாவிலும் கட்டாரிலும். ஊரில் மிஞ்சினவர்கள் நல்ல ஆக்கள்தான், ஆனால் அவர்களுக்கு வங்கி, கடை, பள்ளிக்கூடம் என்று வேறு உலகம். கிழக்கில் இருந்து இப்படி வேலை செய்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள்? தனியாகவே இருந்து பழகிவிட்டீர்களா?

நாவற்குடா நண்டு எழுதியது:

ஒரு கல்யாணத்தை முடியுங்கள். கதைக்க ஆளும் வரும், அதற்குப் பிறகு தனிமை வேண்டும் என்று இங்கே வேறொரு இழையும் தொடங்குவீர்கள்.

வாவிக்கரை எழுதியது:

அம்மா வேறு பெயரில் கணக்குத் தொடங்கிவிட்டா போல.

சம்மாந்துறை சேர்வர் எழுதியது:

தம்பி, பகிடியை விடுவோம். இது உங்கள் ஒருவருடைய பிரச்சினை இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று ஒரு ஆணைக்குழுவை வைத்து 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று அதில் இருக்கிறது. ஆனால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரு தனிச் சுழி உண்டு. நாள் முழுக்க ஆக்களோடு எழுதிக்கொண்டே இருப்பதால், பழகிக்கொண்டிருக்கிறோம் என்று நாங்களே நம்பிவிடுகிறோம்.

மைக்ரோசொஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் மின்னஞ்சல், கலண்டர், அழைப்புக் கணக்குகளை 2020இன் முதல் ஆறு மாதத்துக்கு எடுத்துப் பார்த்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனதும் என்ன நடந்தது? சொந்த டீமுக்குள் இறுக்கம் கூடியது. மற்ற டீம் ஆக்களோடு செலவழித்த நேரத்தின் பங்கு ஏறக்குறைய காற்பங்கு குறைந்தது. அதாவது வேலைக்குத் தேவையான தொடர்பு நின்றுபோகவில்லை. தேவையில்லாமல், வழியில் தட்டுப்பட்டுக் கதைக்கிற தொடர்புதான் போனது. சிநேகிதம் பெரும்பாலும் இந்தத் தேவையில்லாத பக்கத்தில் இருந்துதான் முளைக்கிறது.

இன்னொரு ஆய்வையும் சொல்கிறேன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோல் 2018இல் வெளியிட்டது. புதிதாக இடம் மாறி வந்தவர்களையும் முதலாம் வருட மாணவர்களையும் வைத்துச் செய்தார். முகம் தெரிந்தவர் சாதாரணச் சிநேகிதராவதற்கு 50 மணித்தியாலம் போல வேண்டுமாம். சிநேகிதர் என்று மனதாரச் சொல்ல 90. நெருங்கிய சிநேகிதம் என்றால் 200க்கு மேலே. இதில் எங்களுக்குச் சுடுகிற பகுதி என்னவென்றால், சேர்ந்து வேலை செய்கிற மணித்தியாலங்களுக்கு அவ்வளவு பெறுமதி இல்லை என்பது. சும்மா இருந்து பகிடி விட்ட நேரம், விளையாடின நேரம், சாப்பிட்ட நேரம்தான் கணக்கில் ஏறுகிறது. தினமும் உங்கள் டீமோடு எட்டு மணித்தியாலம் இருக்கிறீர்கள், ஆனால் மீட்டர் ஓடவில்லை.

ஓஃப் ஸ்பின் எழுதியது:

எனக்கு இந்தக் கவலையே விளங்கவில்லை. வேலை வேறு, சிநேகிதம் வேறு. இரண்டையும் ஏன் ஒரே ஆளிடம் தேடுகிறீர்கள்?

என் சிநேகிதர் எல்லாம் கிரிக்கெட் கிளப்பில் இருக்கிறார்கள். ஒருவர் மீன் ஏலம் எடுக்கிறவர், ஒருவர் சேர்வேயர், ஒருவர் பஸ் ஓட்டுகிறார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. "கம்பியூட்டர்" என்று மட்டும் தெரியும், அதனால் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரியாக்டில் ஸ்டேட் எப்படி வேலை செய்கிறது என்று நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனாலும் அவர்கள் போக மாட்டார்கள். லப்டொப்பை மூடிவிட்டு ஒரு கிளப்பில் சேருங்கள், கோயில் நிர்வாகத்தில் சேருங்கள், பாலத்தில் நின்று தூண்டில் போடுங்கள். டெவலப்பருக்கு டெவலப்பர்தான் சிநேகிதராக வேண்டும் என்று சட்டம் இல்லை.

வாவிக்கரை எழுதியது:

> லப்டொப்பை மூடிவிட்டு ஒரு கிளப்பில் சேருங்கள்

அண்ணா, நான் லப்டொப்பை மூடுகிற நேரம் உங்கள் கிளப்பில் வலையும் கழற்றி வைத்திருப்பார்கள்.

மருதமுனைத் தறி எழுதியது:

ஓஃப் ஸ்பின் அண்ணா சொன்ன "வேலை போனாலும் அவர்கள் போக மாட்டார்கள்" என்பதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

முன்பு நான் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றில் இருந்தேன், பெயர் வேண்டாம். டீமில் போலந்து, பிலிப்பைன்ஸ், நைஜீரியா ஆக்கள். நன்றாகப் பழகினோம். வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சேனல் இருந்தது, அதில் பூனைப் படம், சமையல் படம், நோன்புப் பெருநாளுக்கு நான் போட்ட வட்டிலப்பம் என்று வருடக்கணக்கில் கதை. ஒரு நாள் காலையில் லப்டொப்பைத் திறந்தால் ஸ்லாக் கடவுச்சொல் கேட்டது. போட்டேன், ஏற்கவில்லை. மின்னஞ்சல் திறக்கவில்லை. கோட் வைக்கிற கிட்ஹப் பக்கத்தில் கம்பனி ரிப்போ (கோட் களஞ்சியம்) ஒன்றும் இல்லை. பிறகுதான் என் சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம், ஆட்குறைப்பு என்று.

வேலை போனது ஒரு பக்கம். அதைவிட, அந்த ஆக்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் இல்லாமல் போனார்கள். ஒருவருடைய தொலைபேசி இலக்கமும் என்னிடம் இல்லை. பிலிப்பைன்ஸ் பிள்ளையின் முழுப்பெயர்கூடத் தெரியாது, அங்கே எல்லோருக்கும் செல்லப்பெயர்தான்.

கொஞ்ச நாள் கழித்து அவதான் என்னைத் தேடிப் பிடித்தா. எப்படித் தெரியுமா? நான் முன்பு ஒரு திறந்த மூல (யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய) லைப்ரரிக்கு ஒரு சின்னத் திருத்தம் அனுப்பியிருந்தேன். கிட் பதிவில் எழுதினவரின் மின்னஞ்சல் இருக்கும் அல்லவா? அந்த ரிப்போவை இறக்கி, பழைய கொமிட்டுகளை (பதிந்த மாற்றங்களை) பார்த்து என் முகவரியை எடுத்து எழுதியிருந்தா. "நீ உயிரோடு இருக்கிறாயா?" என்று தலைப்பு. வாசித்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். இப்போது நாங்கள் வட்ஸ்அப்பில் இருக்கிறோம், அவவின் மகளுக்கு நான் மாமா.

அதனால் தம்பிமாருக்கு ஒரே ஒரு விஷயம். பழகினவர்களுடைய இலக்கத்தைக் கம்பனியின் அப்பில் இருந்து வெளியே எடுத்து வையுங்கள். இன்றைக்கே.

பாலத்தடி எழுதியது:

நேரில் காணாதவரோடு சிநேகிதம் வராது என்கிற மாதிரி இந்த இழை போகிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மருதமுனை நண்பர் எழுதியதே அதற்குச் சாட்சி.

பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். ஒருவர் பாண்டிய நாட்டில் புலவர், மற்றவர் உறையூரில் அரசன். ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. சோழன் வடக்கிருக்கப் போகும்போது "என் நண்பன் வருவான், அவனுக்கு இடம் வையுங்கள்" என்றான். சுற்றி நின்றவர்கள் நம்பவில்லை. அவர் வந்தார். சிநேகிதம் வர உணர்வு ஒத்துப்போனால் போதும், மணித்தியாலம் எண்ணத் தேவையில்லை. கன்சாஸ் கணக்கை வைத்து எங்கள் இரண்டாயிரம் வருடத்தை அளக்க வேண்டாம்.

செமிகோலன் எழுதியது:

> அவர் வந்தார்

அண்ணா, கடைசியில் வந்து பக்கத்தில் இருந்தார் அல்லவா? அந்தக் கதையை இன்றைக்கும் சொல்கிறோம் என்றால் அவர் கடிதம் எழுதினதற்காக இல்லை, நடந்து வந்ததற்காக. மற்றது, சோழனுக்கும் புலவருக்கும் சேர்ந்து முடிக்க வேண்டிய ஸ்பிரின்ட், அதாவது நாள் குறித்த வேலை, ஒன்றும் இருக்கவில்லை. அதுவும் சிநேகிதத்துக்கு நல்லது.

நான் ஆரையம்பதி. இரண்டு பிள்ளைகள், சிட்னி கம்பனிக்கு முன்பக்க (ஸ்கிரீனில் தெரிகிற பகுதி) வேலை, அதிகாலையில் தொடங்கி எட்டரை, ஒன்பதுக்குள் என் மீட்டிங் எல்லாம் முடிந்துவிடும். இந்த இழையில் இதுவரை எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. கிளப், கோயில் நிர்வாகம், பாலத்தில் தூண்டில். இதெல்லாம் உங்களுக்கு. நான் பின்னேரம் கடைவாசலில் நின்று டொக்கர் என்கிற மென்பொருளைப் பற்றிக் கதைத்தால், இரவுச் சாப்பாட்டுக்குள் மாமியின் காதுக்கு வந்துவிடும். எங்கள் வகுப்பில் நிறையப் பெண்பிள்ளைகள் படித்தோம், நன்றாகவும் படித்தோம். பாதிப்பேர் இன்றைக்கும் கோட் எழுதுகிறார்கள், குசினிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மேசையில். அவர்கள் இருக்கிறார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது.

நான் என்ன செய்கிறேன் என்றால், ஏறாவூரில் என்னோடு படித்த ஒருத்தி இருக்கிறா. சனிக்கிழமை பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் இருவரும் வீடியோ அழைப்பைப் போட்டு வைப்போம். கதைப்பதற்கு இல்லை. அவ தன் வேலை, நான் என் வேலை. மைக் திறந்தே இருக்கும். அவவின் கீபோட் சத்தம் கேட்கும், பிரஷர் குக்கர் விசில் கேட்கும், உம்மா கூப்பிடுகிற சத்தம் கேட்கும். ஒரு மணித்தியாலம் ஒரு சொல்லும் இல்லாமல் போகும். திடீரென்று "இங்க பார் கா, இந்த சிஎஸ்எஸ் ஏன் இப்படிச் சாகுது?" என்பா. ஸ்கிரீனைக் காட்டுவா. அங்கே இருந்து அவவின் தம்பியின் கல்யாணக் கதைக்குப் போய்விடும். இது வேலை நேரமா, சும்மா இருந்த நேரமா என்று அந்த ஹோலிடம்தான் கேட்க வேண்டும்.

சம்மாந்துறை சேர்வர் எழுதியது:

தங்கச்சி, ஓட்டையைச் சரியாகக் காட்டினீர்கள். நான் எழுதும்போது என் மனதிலும் ஆண்கள் கூடுகிற இடங்கள்தான் இருந்தன. அந்த அழைப்பு ஹோலின் கணக்கில் முழுதாக ஏறும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் இருவரும் ஒரே வேலையைச் செய்யவில்லை. ஒருவருக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஓஃப் ஸ்பின் எழுதியது:

சரி, ஆனால் என் கேள்வி நிற்கிறது. அது சிநேகிதி. தற்செயலாக அவவும் டெவலப்பர். தையல்காரியாக இருந்தாலும் அதே அழைப்பை எடுத்திருப்பீர்கள்.

செமிகோலன் எழுதியது:

இல்லை அண்ணா. ஒரு உதாரணம் சொல்கிறேன். போன மாதம், கோட்டைச் சரிபார்க்கிற புதிய ரிவியூவர் ஒருவர் என் கோட்டில் ஒரு வரிக்குப் பக்கத்தில் "ஏன்?" என்று மட்டும் எழுதியிருந்தார். அவ்வளவுதான், ஒரு சொல். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. அந்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. என்னை மட்டம் தட்டுகிறாரா, வேலை தெரியாதவள் என்று நினைக்கிறாரா, மேலிடத்துக்குச் சொல்லியிருப்பாரா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் அன்பானவர், "விடுங்க" என்றார். அவருக்கு அது ஒரு சொல். ஏறாவூர்க்காரிக்கு ஸ்கிரீனைக் காட்டினேன். மேலும் கீழும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னா: "அந்த ஆள் எல்லாருக்கும் இப்படித்தான் எழுதியிருக்கிறார், பார். உன் பக்கத்து வரிக்காரனுக்கு 'ம்' என்று மட்டும் போட்டிருக்கிறார். நீ காரணத்தை எழுது, விடிந்ததும் அப்ரூவ் பண்ணுவார்." பண்ணினார்.

தையல்காரி என்னைத் தேற்றியிருப்பா. அந்த ரிவியூவை வாசித்துக் காட்டியிருக்க மாட்டா.

ஓஃப் ஸ்பின் எழுதியது:

இந்தப் பந்தில் நான் அவுட்.

முகத்துவாரம் எழுதியது:

வயது போன ஆள் ஒருவன் உள்ளே வரலாமா? நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலம் டயலப் மோடம் கத்துகிற காலம்.

சுனாமிக்குப் பிறகு நடந்த ஒரு விஷயத்தை இளம் ஆக்கள் அறிந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே ஆகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், எங்கள் மட்டக்களப்புக் கரையும் போனது. காணாமல் போனவர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது என்று ஒரு இடத்தில் பார்க்க வழியில்லை. கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றி இருந்த டெவலப்பர்கள் தன்னார்வமாகச் சேர்ந்து சில கிழமைகளில் ஒரு திறந்த மூல மென்பொருளைக் கட்டினார்கள். சகானா என்று பெயர். பிறகு 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2010 ஹெயிட்டி நிலநடுக்கம் வரைக்கும் அது போனது. 2006க்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது.

இதை ஏன் சொல்கிறேன்? அவர்கள் அதற்கு முன்பே ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள். பல்கலைக்கழகம், திறந்த மூலத் திட்டங்கள், மின்னஞ்சல் குழு என்று கயிறு ஏற்கெனவே கட்டிக் கிடந்தது. அனர்த்தம் வந்த பிறகு ஆளைத் தேடியிருந்தால் சில கிழமைகளில் முடிந்திருக்காது. எங்கள் கரையில் எத்தனை டெவலப்பர்கள் இருக்கிறார்கள் என்று இன்றைக்கு ஒருவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாரிக்கும் வெள்ளம் வருகிறது, அதுவும் தெரியும்.

மொறட்டுவைக்காரர்களையும் பாருங்கள். மாணவர்கள் திறந்த மூலத் திட்டங்களுக்குக் கோட் எழுதுகிற கூகிளின் சம்மர் ஒஃப் கோட் 2005இல் தொடங்கியது. பல வருடம் உலகத்திலேயே ஆகக்கூடிய மாணவர்களை அனுப்பிய இடம் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். மூளை எல்லா இடத்திலும் இருக்கிறது. அங்கே மூத்த மாணவன் "இப்படித்தான் விண்ணப்பம் எழுத வேண்டும், இந்த ஆளிடம் கேள்" என்று அடுத்த வருடத்துப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்தான். அதுதான் வித்தியாசம் என்பது என் எண்ணம்.

இறுதி வருடம் எழுதியது:

நான் ஒலுவில், தென்கிழக்குப் பல்கலைக்கழகம். எங்களுக்கு இப்போது தனிமை என்ற பிரச்சினையே இல்லை, தனியாகத் தூங்கத்தான் இடம் இல்லை. பரீட்சைக்கு முதல் நாள் இரவு விடுதியில் குப்பி, அதாவது மாணவர்களே மாணவர்களுக்கு எடுக்கிற வகுப்பு, நடக்கும். அல்கோரிதம் விளங்கினவன் சுவரில் சோக்கால் எழுதி மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவான். அடுத்த நாள் டேட்டாபேஸ் விளங்கினவன். பிஸ்கட், பிளேன்டி, நடுவில் சண்டை, பிறகு திரும்பவும் பாடம். உங்கள் இழையை வாசிக்கப் பயமாக இருக்கிறது. வேலை கிடைத்ததும் இது எல்லாம் நின்றுவிடுமா?

மருதமுனைத் தறி எழுதியது:

நின்றுவிடும் மனே. நிற்கிற நாள் தெரியாமலே நின்றுவிடும்.

சம்மாந்துறை சேர்வர் எழுதியது:

தம்பி சொன்ன குப்பிதான் இந்த இழைக்கு விடை என்று நினைக்கிறேன்.

இந்த மாவட்டங்களிலும் டெவலப்பர் கூட்டம் வைத்துப் பார்த்தோம். என்ன நடக்கும்? பெரிய பதாகை அடிப்போம். பிரதம அதிதி, விசேட அதிதி. விளக்கேற்றல், வரவேற்புரை, பொன்னாடை. கொழும்பில் இருந்து ஒருவர் வந்து செயற்கை நுண்ணறிவு பற்றி நாற்பது ஸ்லைட் ஓட்டுவார். குழுப் படம் எடுப்போம், சான்றிதழ் கொடுப்போம், ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். பக்கத்துக் கதிரையில் இருந்தவரின் பெயர் தெரியாது. அடுத்த கூட்டம் அடுத்த வருடம்.

குப்பியில் அதிதி இல்லை. விளங்கினவன் எழுந்து நிற்பான், விளங்காதவன் நடுவில் கேட்பான். நாளைக்கு இடம் மாறும். எனக்கு இது தெரியாது என்று கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான். வேலைக்குப் போன பிறகு அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை. சீனியர் என்று பட்டம் வந்துவிட்டது, சம்பளமும் அதற்குத்தான், அதனால் இரவு முழுக்கத் தனியே தேடிச் சாகிறோம். நானும் அப்படித்தான் செய்கிறேன். உதவி கேட்காத ஆளோடு எப்படிச் சிநேகிதமாவது?

கிழமைக்கு மூன்று மணித்தியாலம் என்று வைத்தால்கூட 200ஐத் தொட ஏறக்குறைய ஒன்றேகால் வருடம். அவசரப்படத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கிழமையும் ஒரே நாள், ஒரே இடம். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நாவற்குடா நண்டு எழுதியது:

பகிடி விடுகிறவனின் ஒரு உருப்படியான யோசனை. என் அண்ணன் நாவற்குடாவில் ரியூஷன் நடத்துகிறார். பின்னேரமும் சனி ஞாயிறும் பிள்ளைகள் நெருக்கியடிப்பார்கள். கிழமை நாளில் காலையில் எல்லாரும் பள்ளிக்கூடத்தில், வாங்கும் மேசையும் சும்மா கிடக்கிறது. லண்டன் நேரத்துக்கு வேலை செய்கிறவர்களுக்குக் காலை சும்மாதானே? செமிகோலன் அக்காவுக்கும் ஒன்பதுக்குப் பிறகு கூட்டம் இல்லை. ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை. வாடகை வேண்டாம், கரண்ட் காசு மட்டும் பாருங்கள் என்கிறார்.

வாவிக்கரை எழுதியது:

காலையில் சந்திக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சிநேகிதரைச் சந்திப்பது என்றால் பின்னேரம் என்றே மண்டையில் இருந்தது. செவ்வாய் சரியா?

நாவற்குடா நண்டு எழுதியது:

செவ்வாயில் புதிதாக ஒன்று தொடங்க அண்ணி விட மாட்டா. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. புதன்.

செமிகோலன் எழுதியது:

புதன் எனக்குச் சரி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஆனால் மூன்று விஷயம் முதலே கேட்கிறேன், கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள். மலசலகூடம் ஒழுங்காக இருக்கிறதா, திறப்பு யாரிடம்? வாசல் கதவு திறந்தே இருக்குமா? நான் மட்டும் தனிப் பெண்ணாக வரவேண்டி வருமா? ஏறாவூர்க்காரி வருவா, இன்னும் இரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன். படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

நாவற்குடா நண்டு எழுதியது:

மலசலகூடம் அண்ணன் வீட்டில், வளவுக்குள்தான். அண்ணி எப்போதும் நிற்பா, திறப்பும் அவவிடம். வகுப்புக்குக் கதவே இல்லை, அரைச்சுவர்தான், தெருவில் போகிறவருக்கு எல்லாம் தெரியும். படம் இல்லை.

ஓஃப் ஸ்பின் எழுதியது:

எனக்குக் கொழும்பு நேரம், ஒன்பதுக்கு ஸ்டாண்ட்அப் (தினசரி டீம் மீட்டிங்). வர ஏலாது. இப்படிப் பார்த்தால் கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்கிற ஒருவரும் வரமாட்டார்கள், அது உங்கள் திட்டத்தில் குறைதான். ஹொட்ஸ்பொட் போட்டு அங்கே இருந்தே ஸ்டாண்ட்அப் எடுக்கலாமா என்று பார்க்கிறேன். இன்ரநெட் எப்படி?

நாவற்குடா நண்டு எழுதியது:

ஃபைபர் வீட்டில் இருக்கிறது, வகுப்பு வரைக்கும் வைஃபை வருகிறது, மழை பெய்தால் வராது. பிளக் இரண்டே இரண்டு. எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டு வாருங்கள்.

இறுதி வருடம் எழுதியது:

ஒலுவிலில் இருந்து நாவற்குடாவுக்கு பஸ்ஸில் வந்து போவது கஷ்டம். கல்முனைப் பக்கம் ஒன்று வைத்தால் நாங்கள் நாலைந்து பேர் வருவோம்.

சம்மாந்துறை சேர்வர் எழுதியது:

கல்முனைக்கு நான் இடம் பார்க்கிறேன். வெள்ளி வேண்டாம், ஜும்ஆ. உங்களுக்கு விரிவுரை இல்லாத நாளைச் சொல்லுங்கள். இரண்டு இடமும் ஒன்றாக வேண்டும் என்றில்லை. ஒரு மாதம் கழிந்து ஆக்கள் குறைந்தாலும் இரண்டு பேர் இருக்கும் வரை நடத்துவோம். முகத்துவாரம் ஐயா, நீங்கள் நாவற்குடாவுக்கு வருவீர்களா?

முகத்துவாரம் எழுதியது:

வருவேன். ஆனால் பேச்சாளர் என்று என் பெயரை எங்கும் போடக்கூடாது. நான் டொக்கர் படிக்க வருகிறேன், இன்றைக்கு வரைக்கும் அது எனக்குப் பிடிபடவில்லை.

செமிகோலன் எழுதியது:

ஐயா, கொன்டெயினருக்குள் (டொக்கர் அப்பை அடைத்து ஓட்டுகிற பெட்டிக்குள்) இருந்து வெளியே உள்ள டேட்டாபேஸைத் தொடுவதுதான் எனக்கும் பிழைக்கிறது. வாவிக்கரை தம்பி, பேக்எண்ட் ஆள் நீங்கள்தானே? முதல் புதன் சோக்கு உங்கள் கையில்.

வாவிக்கரை எழுதியது:

சரி அக்கா. லோக்கல்ஹோஸ்ட் என்கிற 'இதே கணினி' முகவரியில் இருந்து தொடங்குவோம், அநேகமாகப் பிழை அங்கேதான் இருக்கும். ஓஃப் ஸ்பின் அண்ணா, வந்தால் பிரிண்டர் கொண்டு வராதீர்கள்.